அப்பாவின் மெமரி கார்டு
(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறியியல் துறை)

மலர்க்குழுவினர் "ஏதாவது எழுதிக் கொடு" என்று கேட்டதும் முதலில் கவிதை எழுதத்தான் உட்கார்ந்தேன். பக்கத்து பெஞ்சு நண்பன் இரண்டு வரி படித்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். எனவே கவிதையை விட்டுவிட்டு, நடந்த விஷயம் ஒன்றையே எழுதுகிறேன். இதில் நான் செய்த தப்புகள் இரண்டு. முதல் தப்பு எல்லோருக்கும் நேரக்கூடியது. இரண்டாவது தப்பை, இதைப் படிக்கிற உங்களில் பாதிப்பேர் நாளைக்கே செய்யக்கூடும். அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

என் அப்பா கொத்தனார். மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் சிறு சிறு வீடுகளைக் கூலி காண்ட்ராக்டாக எடுத்துக் கட்டுவார். அதாவது செங்கல், சிமெண்டு, கம்பி எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு, ஆளும் வேலையும் அப்பா பொறுப்பு. இரண்டாம் வகுப்போடு நின்றவர். கையெழுத்துப் போடுவார், பஸ் நம்பர் படிப்பார், அவ்வளவுதான். ஆனால் கணக்கு இல்லாமல் மேஸ்திரி வேலை பார்க்க முடியுமா? யார் வந்தார்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி, வீட்டுக்காரர் எப்போது எவ்வளவு கொடுத்தார் என்று எல்லாம் வேண்டும். இதற்கு அப்பா ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். 2018-ல் ஒரு பட்டன் போன் வாங்கினார். அதிலே ஒரு வாய்ஸ் ரெக்கார்டர். தினமும் வேலை விட்டு வந்து, குளித்து, திண்ணையில் உட்கார்ந்து போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவார்.

"செவ்வாக்கிழம. என்னோட சேத்து கொத்தனார் ரெண்டு, நிமிந்தாள் ரெண்டு, சித்தாள் மூணு. சிமெண்டு பதினோரு மூட. மொதலாளி குடுத்தது அஞ்சாயிரம். சித்தாளுக்கு பாக்கி நூத்தம்பது நிக்கிது."

இவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம். சின்ன வயதில் எனக்கு இது சிரிப்பாக இருக்கும். டிப்ளமோ சேர்ந்த பிறகு கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன். "நோட்டுல எழுதித் தர்றேம்ப்பா" என்று சொன்னேன். "நீ ஹாஸ்டலுக்குப் போயிருவ, அப்புறம் யாரு படிச்சுச் சொல்றது?" என்று கேட்டார். பதில் இல்லை.

அந்த ஒலிப்பதிவுகள் எல்லாம் 2 ஜிபி மெமரி கார்டு ஒன்றில் இருந்தன. நகம் அளவு கார்டு. கூடவே மொபைல் கடையில் ஏற்றிக்கொடுத்த பாட்டுகள். அவ்வப்போது கடைக்காரர் பழைய பாட்டைத் தூக்கிவிட்டுப் புதுப் பாட்டு போட்டுத் தருவார். இந்த விவரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

2025 பொங்கல் விடுமுறை. அத்தை மகன் லேப்டாப்பில் ஒரு படம் வைத்திருந்தான். அதை வீட்டு டிவியில் போட்டுப் பார்க்கக் கையில் பென் டிரைவ் இல்லை. அப்பா போனிலிருந்த கார்டைக் கழற்றி, அடாப்டரில் செருகி, லேப்டாப்பில் வைத்தேன். கார்டைப் பயன்படுத்துமுன் ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று ஒரு செய்தி வந்தது. அடாப்டர் கம்பியில் அழுக்கு, அதனால் சரியாகப் படிக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். கழற்றித் துடைத்து மறுபடி செருகியிருந்தால் தீர்ந்தது. நானோ கணிப்பொறித் துறை மாணவன் அல்லவா! யோசிக்காமல் 'யெஸ்' அமுக்கினேன். ரெக்கார்டிங் எல்லாம் போனுக்குள்ளேயே இருக்கும் என்று ஒரு நினைப்பு. மூன்று விநாடியில் ஃபார்மேட் முடிந்தது. 700 எம்பி படத்தை ஏற்றினேன். குடும்பத்தோடு பார்த்தோம். படம் சுமார்தான்.

மறுநாள் சாயங்காலம் அப்பா திண்ணையிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, இதுல ஒண்ணையும் காணோமே?"

அந்தக் குரலில் கோபம் கிடையாது. கோபப்பட்டிருந்தால் தேவலை. விஷயம் என்னவென்றால், அப்போதுதான் ஒரு வீட்டு வேலை முடிந்திருந்தது. தை மாதக் கடைசி ஞாயிறு கணக்கு முடிப்பதாகப் பேச்சு. வீட்டுக்காரர் தான் கொடுத்தது 4,10,000 ரூபாய் என்கிறார். அப்பா கணக்கில் 3,72,000 தான். நடுவில் 38,000 ரூபாய் இடிக்கிறது. அப்பா அதற்காகத்தான் பழைய பதிவுகளைப் போட்டுக் கேட்கலாம் என்று போனை எடுத்திருக்கிறார்.

இப்போது இரண்டாவது தப்பு. அன்றைக்கு ராத்திரியே அத்தை மகனுடைய டச் போனில் கார்டைப் போட்டு, அழிந்த ஃபைல்களை மீட்டுத் தரும் இலவச ஆப் ஒன்றை இறக்கி ஓட்டினேன். என்ன ஆச்சரியம்! பாட்டு, படம், ரெக்கார்டிங் என்று வரிசையாகக் காட்டியது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. 'எல்லாவற்றையும் சேமி' என்று அமுக்கினேன். எங்கே சேமிக்க என்று கேட்டது. போனில் இடம் இல்லை. அதே கார்டைக் காட்டினேன். 90 எம்பி போல ஓடியபோது சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தது. அது அணைந்ததுதான் நான் செய்த புண்ணியம்.

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் நேரே எங்கள் லேப் சாரிடம் போனேன். முழுக்கதையையும் கேட்டார். ஃபார்மேட் செய்தேன் என்றபோது தலையாட்டினார். படம் ஏற்றினேன் என்றபோதும் தலையாட்டினார். "மீட்டதை எதுல சேவ் பண்ணே?" என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"ஃபைல் போச்சுன்னு தெரிஞ்ச உடனே செய்ய வேண்டிய முதல் வேலை என்ன தெரியுமா? ஒண்ணும் செய்யாம இருக்கிறது."

பிறகு அவர் விளக்கியதை ஹாஸ்டல் கணக்கில் சொல்கிறேன், நமக்கு அதுதான் எளிது. கார்டை ஒரு பெரிய ஹாஸ்டல் என்று வையுங்கள். அறைகளுக்கு கிளஸ்டர் என்று பெயர். இந்த 2 ஜிபி கார்டில் ஒவ்வொரு அறையும் 32 கிலோபைட், மொத்தம் அறுபதாயிரம் அறைகளுக்குக் கிட்ட வரும். வாசலில் வார்டன் இரண்டு பதிவேடு வைத்திருக்கிறார். ஒன்றில் ஃபைலின் பெயர், தேதி, அளவு, எந்த அறையில் தொடங்குகிறது என்பது இருக்கும். ஒரு ஃபைலுக்கு 32 பைட் இடம். மற்றொன்று, ஒரு அறைக்கு அடுத்த அறை எது என்று காட்டும் சங்கிலி. இதற்குத்தான் ஃபேட் என்று பெயர். நாம் ஒரு ஃபைலை டெலிட் செய்தால், வார்டன் முதல் பதிவேட்டில் பெயரின் முதல் எழுத்தை மட்டும் அடித்துவிட்டு அங்கே ஹெக்ஸில் ஈ5 என்று ஒரு குறி போடுவார். இரண்டாவது பதிவேட்டில் அந்த அறைகள் காலி என்று எழுதிவிடுவார். அறைக்குள் படுத்திருக்கிற ஆளை யாரும் எழுப்புவதில்லை! புதிதாக ஒருவன் பெட்டியோடு வந்து கட்டிலைப் பிடிக்கும்வரை பழைய ஆள் அங்கேயேதான் இருக்கிறான்.

பழைய எம்எஸ்-டாஸில் அழித்ததை மீட்கும் 'அன்டெலிட்' கமாண்ட் 1991-ல் வந்த 5-ம் பதிப்பில் இருந்தது. அது ஃபைலின் பெயரைக் காட்டும்போது முதல் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி போட்டு, 'முதல் எழுத்து என்ன?' என்று நம்மிடமே கேட்குமாம். அந்த ஒரு எழுத்துதான் உண்மையில் அழிந்தது என்பதால்! அதற்கும் முன்னால், பீட்டர் நார்ட்டன் என்பவர் தவறுதலாக ஒரு ஃபைலை அழித்துவிட்டு, திரும்ப டைப் அடிக்கச் சோம்பல்பட்டு, அதை மீட்க ஒரு புரோகிராம் எழுதினார். 1982-ல் வெளிவந்த நார்ட்டன் யுடிலிடீஸின் ஆரம்பம் அதுதான். சோம்பல்பட்டு நான் செய்ததையும் அவர் செய்ததையும் நினைத்துப் பார்த்தேன்.

ஃபார்மேட் என்பது இன்னும் ஒரு படி மேலே. லேப்டாப் செய்தது 'குயிக் ஃபார்மேட்'. பதிவேடு இரண்டையும் வெள்ளையாக்கிவிட்டது. அறைகளைத் தொடவில்லை. ஆக என் முதல் தப்பில் அழிந்தது பதிவேடு மட்டுமே. ஆளைக் கட்டிலிலிருந்து தள்ளியது, நான் ஏற்றிய படமும் அந்த ஆப் சேமித்த 90 எம்பியும்தான். அப்பாவின் குரலை மீட்கிறேன் என்று சொல்லி, அப்பாவின் குரல் மேலேயே பழைய சினிமாப் பாட்டை எழுதியிருக்கிறேன்!

சார் முதலில் அடாப்டரின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை நகத்தால் கீழே தள்ளினார். 'லாக்' என்று போட்டிருக்கிறதே, அதை அதுவரை நான் அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன். அதைத் தள்ளிவிட்டால் கார்டில் எழுத ரீடர் அனுமதிக்காது. பிறகு லினக்ஸ் இருந்த கணிப்பொறியில் டிடி கமாண்ட் கொடுத்து, கார்டு முழுவதையும் முதல் பைட் முதல் கடைசி பைட் வரை ஒரே ஃபைலாக நகல் எடுத்தார். அதையும் இன்னொரு நகல் எடுத்தார். கார்டை ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்து, "இனி இதைத் தொடாதே. என்ன கூத்தடிச்சாலும் நகல்ல அடி" என்றார்.

அந்த நகலில் ஃபோட்டோரெக் என்ற புரோகிராமை ஓட்டினோம். பிரான்சு நாட்டைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியர் என்பவர் எழுதியது, இலவசம். பெயரில்தான் ஃபோட்டோ, நூற்றுக்கணக்கான வகை ஃபைல்களைத் தேடும். பதிவேடு இல்லாமல் எப்படித் தேடுகிறது? ஒவ்வொரு வகை ஃபைலுக்கும் ஆரம்பத்தில் ஒரு முகவரி முத்திரை உண்டு. ஜேபெக் படம் என்றால் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்று தொடங்கும். அறை அறையாகக் கதவைத் திறந்து முகத்தைப் பார்ப்பது மாதிரி. அப்பாவின் போன் ஏ.எம்.ஆர். வகையில் எழுதியிருந்தது. அதன் முத்திரை ஒரு நெம்பர் குறி, ஒரு ஆச்சரியக்குறி, ஏ.எம்.ஆர். என்ற மூன்று எழுத்து, கடைசியில் ஒரு புதுவரிக் குறி. மொத்தம் ஆறு பைட்.

412 பதிவுகள் கிடைத்தன. ஒன்றுக்கும் பெயர் கிடையாது, தேதி கிடையாது. அவை பதிவேட்டில் இருந்தவை, அது போய்விட்டதே! 'எஃப்' என்ற எழுத்தோடு கார்டில் அது கிடந்த செக்டார் எண்ணைச் சேர்த்துப் பெயராக வைத்திருந்தது. வரிசையாக எழுதப்பட்டிருந்தால் அந்த எண்ணை வைத்தே முன்பின் சொல்லிவிடலாம். ஆனால் மொபைல் கடைக்காரர் பாட்டைத் தூக்கித் தூக்கி உண்டாக்கிய பொந்துகளில் எல்லாம் அப்பாவின் கணக்கு போய் உட்கார்ந்திருந்தது. 2020 பதிவு 2024 பதிவுக்குப் பின்னால் கிடந்தது. சில பதிவுகள் பாதியில் நின்றன. பொந்து நிறைந்ததும் மீதி வேறெங்கோ போயிருக்கிறது. அந்த மீதிக்குத் தலையில் முத்திரை இல்லாததால் ஃபோட்டோரெக் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அந்தத் தலையில்லாத துண்டுகளைத் தேடியதுதான் எனக்கு மூன்று வாரம் தூக்கம் கெடுத்த வேலை. சொன்னால் நம்பமாட்டீர்கள், ரொம்ப சந்தோஷமாக இருந்த மூன்று வாரமும் அதுதான்.

ஏ.எம்.ஆரில் ஒலியை 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக வெட்டி வைப்பார்கள். அப்பாவின் போன் எழுதிய தரத்தில் ஒவ்வொரு துண்டும் சரியாக 32 பைட், ஒவ்வொன்றும் 3சி என்ற பைட்டில் தொடங்கும். ஒரு விநாடிக்கு 50 துண்டு, 1,600 பைட். ஒரு கிளஸ்டர் 32,768 பைட். வகுத்துப் பாருங்கள்: இருபது விநாடிக்குக் கொஞ்சம் மேல். கார்டில் ஒரு அறை என்பது அப்பா இருபது விநாடி பேசியது! இதைக் கண்டுபிடித்த ராத்திரி ஹாஸ்டல் வராந்தாவில் தனியாக நடந்துகொண்டிருந்தேன்.

நண்பர்களே, இன்னொன்று. ஆரம்ப முத்திரை ஆறு பைட் என்று சொன்னேன் அல்லவா? அதனால் முதல் துண்டு ஆறாவது இடத்தில் தொடங்கி, அதற்குப் பிறகு 32, 32 ஆகப் போகிறது. கிளஸ்டர் 32-ஆல் மீதியின்றி வகுபடும். ஆகவே நடுவில் எந்த அறையைத் திறந்தாலும் முதல் ஆறு பைட் முந்தின அறையில் ஆரம்பித்த துண்டின் வால், ஏழாவது பைட் 3சி. அந்த உபயோகமில்லாத ஆறு பைட் வால் மேல் ஆறு பைட் முத்திரையை ஒட்டிவிட்டால் போதும், அது தனி ஃபைலாகப் பாடும்! வீடியோ ஃபைலில் இப்படிச் செய்ய முடியாது. அதற்கு உள்ளடக்கப் பட்டியல் ஒன்று எங்காவது ஒரு மூலையில் இருக்கும், அது போனால் முழுப்படமும் போச்சு. இந்த மட்டமான பட்டன் போன் ஒலிப்பதிவோ, எங்கே வெட்டினாலும் உயிரோடு இருக்கிறது.

சி-யில் ஒரு புரோகிராம் எழுதினேன். நாற்பது வரி இருக்கும். நகலை செக்டார் செக்டாராகப் படித்து, ஆறாவது இடம், 38, 70 என்று 3சி வரிசையாக இருக்கிறதா என்று பார்க்கும். இருந்து, தலையில் முத்திரை இல்லாவிட்டால், முத்திரையை ஒட்டித் தனியே எழுதும். இரண்டு வருடமாக சி லேபில் பிரைம் நம்பரும் ஃபிபோனச்சியும் போட்டு ரெக்கார்டு நோட்டை நிரப்பியவன் நான். ஒரு புரோகிராம் ஓடி, அதிலிருந்து என் அப்பா "வெள்ளிக்கிழம" என்று பேசியது அன்றைக்குத்தான். 31 துண்டுகள் வந்தன.

ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனபோது, சார் இரவல் கொடுத்த பழைய லேப்டாப்பில் ஹெக்ஸ் எடிட்டரைத் திறந்து அப்பாவுக்குக் காட்டினேன். ஒரு வரிக்கு 16 பைட். அதனால் அந்த 3சி ஒரு வரி விட்டு ஒரு வரி, ஒரே நேர்க்கோட்டில் மேலிருந்து கீழே இறங்கும். அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "செங்கக் கட்டு மாதிரி இருக்கே. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை மூட்டு நேரா நிக்கிது பாரு" என்றார். ஒரு கொத்தனார் பார்த்ததும் சொல்லிவிட்டார். எனக்கு அதைப் பிடிக்க நாலு நாள் ஆனது.

இதற்கு நடுவில் என்னைத் தேடி வந்து பென் டிரைவ் நீட்டியவர்களுக்காகச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். பென் டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆக மாறிவிட்டது என்று வந்தவர்கள்தான் அதிகம். அது அழிவே இல்லை. வைரஸ் உங்கள் ஃபோல்டரை மறைத்து வைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் போடுகிறது. அதை க்ளிக் செய்யாமல், வைரஸை எடுத்துவிட்டு, ஆட்ரிப் கமாண்ட் கொடுத்தால் மறைந்தது தெரியும். பயந்துபோய் ஃபார்மேட் அடிக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டால் எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம், உடனே அணைத்துவிடுங்கள். திறந்து பார்க்கிற ஆசையே கூடாது, ஒரு தூசி போதும் தட்டைக் கீற.

எரிந்த டிஸ்க்கிலிருந்து எடுக்க முடியுமா என்று ஒரு ஜூனியர் கேட்டான். எடுத்திருக்கிறார்கள். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் வானில் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்களே, அதில் ஒரு சோதனைக்கு வைத்திருந்த ஹார்ட் டிஸ்க் விழுந்து, பல மாதம் கழித்து டெக்சாஸில் வற்றிய ஏரிப்படுகையில் கிடைத்தது. வெளியே உருகிக் கருகிப்போன கட்டி. உள்ளே தட்டுகளில் தகவல் இருந்த பகுதி தப்பியிருந்தது. குரோல் ஆன்ட்ராக் என்ற நிறுவனத்தார் தட்டுகளைக் கழுவி வேறு டிஸ்க்கில் பொருத்தி, 99 சதவீதம் போல மீட்டார்கள். செனான் வாயு பற்றிய அந்தச் சோதனை முடிவு 2008-ல் ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. அந்தக் கணிப்பொறியில் ஓடியது டாஸ். அது தகவலை டிஸ்க் முழுக்க இறைக்காமல் ஒரே பக்கமாக அடுக்கியிருந்ததும் தப்பித்ததற்கு ஒரு காரணம்.

வானத்திலிருந்து விழுந்த டிஸ்க் பிழைத்தது. ஆனால் இன்றைய லேப்டாப்பில் இருக்கும் எஸ்எஸ்டி-யில் டெலிட் செய்தது பெரும்பாலும் பிழைக்காது. டிரிம் என்ற கட்டளை அதற்குக் காரணம். 2009-ல் வந்த விண்டோஸ் 7 முதல் இருக்கிறது. ஃபைலை அழித்ததும் இந்த அறைகள் இனி வேண்டாம் என்று டிஸ்க்குக்கே சொல்லிவிடும். டிஸ்க் சும்மா இருக்கிற நேரத்தில் தானாகவே அறையைக் கழுவிவிடும். போனின் உள் நினைவகமும் அப்படித்தான். அதோடு 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10-லிருந்து புதிதாக வரும் போன்கள் எல்லாம் தகவலைப் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. ஃபேக்டரி ரீசெட் கொடுத்தால் சாவி போகும். சாவி போனபின் அறையில் ஆள் இருந்தும் பயனில்லை. என் அப்பா நல்ல போன் வாங்க வசதியில்லாமல் பட்டன் போன் வைத்திருந்ததால் நான் தப்பித்தேன் என்பதுதான் உண்மை.

சரி, கணக்கு முடிக்கும் நாளுக்கு முந்தின ராத்திரிக்கு வருகிறேன்.

443 பதிவுகளையும் அப்பாவோடு உட்கார்ந்து கேட்டேன். முழுதாக அல்ல, ஒவ்வொன்றிலும் முதல் சில விநாடி. தேதியில்லாத பதிவுகளுக்குத் தேதி போட அப்பா ஒருவரால்தான் முடிந்தது. அவர் பேச்சைக் கேட்கவில்லை, பின்னால் கேட்கிற சத்தத்தைக் கேட்டார். "இது கலவை மிஷின் சத்தம், காங்கிரீட்டு போட்ட அன்னிக்கி." "இது கோயில் ரேடியோ, பங்குனிப் பொங்கல்." "தவளை கத்துது பாரு, அந்த மழை." அவர் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன். வீட்டிலே முதன்முதலாக அப்பா கணக்கை நான் எழுதியது அப்படித்தான்.

பதினொன்றரை மணி இருக்கும். நான் ஒட்டுப்போட்ட துண்டுகளில் ஒன்று. "...மூணு மூட மிச்சம், நாளைக்கி மணலு..." என்று அப்பா குரல் போகிறது. தூரத்தில் ஒரு குரல்: "ஏலேய், சோறு ஆறிப்போகுது, வந்து திண்டுட்டுப் பேசுடா." அப்பா, "இரும்மா" என்கிறார். பிறகு மறுபடியும் மணல் கணக்கு. இருபது விநாடி முடிந்து நின்றுவிட்டது.

அப்பத்தா. 2022 சித்திரையில் இறந்துபோனது. எங்கள் வீட்டில் அதன் குரல் வேறு எதிலும் கிடையாது.

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "பழைய வீட்டுத் திண்ண இது" என்றார். அப்புறம், "இதுல கணக்கு ஒண்ணும் இல்ல. அழிச்சுறாத" என்றார். அடுத்ததைப் போடச் சொன்னார்.

நாங்கள் தேடியது ஒரு மணிக்குக் கிடைத்தது. அதுவும் தலையில்லாத துண்டுதான். அதன் முன்பாதி அந்த ஆப் சேமித்த பாட்டுக்கு அடியில் போய்விட்டது. மிச்சம் இருந்தது இதுதான்: "...கம்பிக் கடைக்கி மொதலாளியே நேரா குடுத்துட்டாரு, நம்ம கைக்கி வரல, நம்ம கணக்குல சேராது. மழ, வேல அரநாளு." தொகை இல்லை, கிழமை இல்லை. தொகையை முன்பாதியில் சொல்லியிருப்பார். அந்த முன்பாதியை அழித்தவன் நான். அப்பா கண்ணை மூடி மறுபடி இரண்டு தடவை கேட்டார். பின்னால் ஒரு வெடி வெடித்தது. "தீவாளிக்கு முந்துன சனிக்கிழம. அர நாள்ல ஆள அனுப்பிட்டேன்" என்றார். 2024 தீபாவளி அக்டோபர் 31, வியாழன். முந்தின சனி 26-ம் தேதி.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் ரெக்கார்டிங்கைக் கேட்டுவிட்டு, "மேஸ்திரி, நீங்களே பேசி நீங்களே வெச்சுக்கிட்டது சாட்சியாகுமா?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். ஆனால் கையில் தேதி இருந்தது. அவரே வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு கம்பிக் கடைக்குப் போனார். பில் புத்தகத்தில் 26-ம் தேதி அவர் பெயரிலேயே 38,000 ரூபாய் பில் நகல் இருந்தது. கம்பிக்குக் கொடுத்ததையும் கூலியில் சேர்த்துக் கூட்டியிருக்கிறார். வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்லமாட்டேன், அவரும் எங்கேயோ துண்டுச்சீட்டில் எழுதி வைத்தவர்தான். மாடிப்படி ஓரத்தில் பூச்சு சரியில்லை என்று 3,000 கழித்துக்கொண்டு 35,000 கொடுத்தார். பூச்சு நன்றாகத்தான் இருந்தது என்று அப்பா பஸ்ஸில் வரும்போது முழுக்க முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

இப்போது அப்பாவின் போனில் புது கார்டு போட்டிருக்கிறோம். நான் ஊருக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அதிலிருப்பதை லேப்டாப்பிலும் பென் டிரைவிலும் நகல் எடுக்கிறேன். நான் மறந்தாலும் அப்பா மறப்பதில்லை, "ஏத்திட்டியா?" என்று கேட்டுவிடுவார். இப்போதெல்லாம் பேச ஆரம்பிக்கும்போதே தேதி, மாதம், வருஷம் சொல்லிவிட்டுத்தான் கிழமையைச் சொல்கிறார்.

பழைய கார்டு அடாப்டரோடு, லாக் போட்டபடி, என் ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. அப்பத்தா குரல் வரும் அந்தத் துண்டுக்கு முன்னால் ஒரு அறையும் பின்னால் ஒரு அறையும் எங்கேயாவது இருக்க வேண்டும். நான் எடுத்த 31 துண்டுகளில் எதுவும் அதோடு பொருந்தவில்லை. 20 மில்லிசெகண்ட் துண்டின் வாலையும் தலையையும் ஒப்பிட்டு எது எதோடு சேரும் என்று கண்டுபிடிக்கும் வழி ஏதாவது இருந்தால், அல்லது நான் 3சி-யை மட்டும் தேடியதில் வேறு ஏதாவது விட்டுப்போயிருக்கும் என்று உங்களுக்குத் தோன்றினால், தயவுசெய்து மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு வந்து சொல்லுங்கள். ஏப்ரல் வரை இங்கேதான் இருப்பேன்.